நீங்கள் வெட்டிய புளியமரத்தைத் தாண்டி

என் பிரியத்துக்குரிய மாமா,

ரிஷிவந்தியம் சாலையில் நீங்கள் வெட்டிச் சாய்த்த புளியமரம் இருந்த இடத்தில் ஒரு கன்று நட்டிருக்கிறார்கள். நேற்று பஸ்ஸில் அதைக் கடந்தேன். கூட்டத்தில் நின்றபடியே, மூச்சு வாங்காமல். உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்த மறியல் நாட்கள். இடஒதுக்கீடு கேட்டு ஊரே சாலையில். காசநோயோடு கல்லூரியிலிருந்து திரும்பிய நானும் அம்மாவும் மட்டும் வீட்டில். பல மருந்துகளை ஒன்றாய்ச் சேர்த்த மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு நாளும் விடாமல். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணைப் பற்றியும் சொல்லியிருப்பார். எங்கள் காதில் தங்கியது நிறம் மாறும் என்பது மட்டும்.

சோறு இறங்கவில்லை. வாந்தி. சாப்பிட வந்த நீங்கள் என்னை வெளிச்சத்துக்கு இழுத்து, மாட்டுக்குப் பார்ப்பதுபோல் கீழிமையை இறக்கிப் பார்த்தீர்கள்.

“இன்னாக்கா, இவன் கண்ணு இப்படி மஞ்சளா கெடக்குது?”

“மருந்து சாயம்டா. ஒண்ணுக்கே செவப்பாத்தான் போவுது. எதுக்கும் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துக்கினுதான் இருக்கேன்.”

“ஒண்ணுக்கு வேற, கண்ணு வேற. மாத்திரய நிறுத்து. டாக்டரு பாக்காம ஒண்ணும் குடுக்காத.”

சைக்கிளின் பின்னால் என்னை உட்காரவைத்தீர்கள். சாலையை அடைத்துக் கிடந்த மரத்தருகே உங்கள் ஆட்களே மறித்தார்கள்.

“வெட்டுனதே நீதான். இப்ப நீயே தாண்டிக்கினு போறியா?”

“வெட்டும்போது இவன் கண்ண பாக்கலப்பா. சைக்கிள ஒரு கை புடி.”

கேலி செய்தவரே என்னைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டார். உங்களுக்கு அப்போது வெட்கமாக இருந்ததா, மாமா? நான் கேட்கவே இல்லை.

கள்ளக்குறிச்சியில் டாக்டர், “இன்னும் சில நாள் இதே மாத்திரை உள்ளே போயிருந்தால்...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. ஈரல் தேறிய பிறகு, சேர்ந்திருந்த மருந்துகளைப் பிரித்து, இரத்தம் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்.

நிறுத்தச் சொன்ன நீங்கள்தான் பிறகு நிறுத்த விடவில்லை. இருமல் போய் உடம்பு தேறியதும் எனக்கு அலுத்துவிட்டது.

“போதும்னு நீ சொல்லாத மாப்ள. டாக்டரு சொல்லட்டும்.”

டாக்டர் சொன்னார். நான் பிழைத்தேன். போன தையில், கரும்பு வெட்டும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்தீர்கள். எழவில்லை.

கேட்ட இடஒதுக்கீட்டில் கொஞ்சம் கிடைத்தது என்கிறார்கள், மாமா. இன்னொரு சேதி. அத்தைக்கு இப்போது என் நோய். பயப்பட வேண்டாம். சளி சோதித்து ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம். அதே மருந்து. கல்வராயன் மலையில் மேகம் இறங்கும் நாட்களில் வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. மாத்திரைக்கு முன் அத்தையை வாசலுக்கு அழைத்து வந்து இமையை இறக்கிப் பார்க்கிறேன்.

“இன்னாடா, மாடு வாங்க வந்தவன் மாதிரி பாக்கற?” என்கிறார் அத்தை. பிறகு சிரிப்பதில்லை. உங்களை நினைத்துக்கொள்கிறார்.

இன்று காலையும் கண் வெள்ளையாகவே இருந்தது. டாக்டர் போதும் என்று சொல்லும் காலைவரை பார்ப்பேன், மாமா.

உங்கள் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்த
அக்கா மகன்