மேல்மாடிக்கு விட்ட கம்பி

அடுகோடி
3 ஜூன் 2025

டொமினிக்குக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் தபால்.

ரத்தினம்மாள் நம் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். சந்தாபுராவில் அவர் கட்டிய வீடுகளின் வாடகைக் கணக்குக்கென்று நாம் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தோமே. ஓசூரில் தம்பியோடு கூட்டாக வாங்கிய கட்டடத்தையும் அதில் சேர்க்கச் சொன்னார். அடியிலிருந்து மாற்றி எழுத வேண்டும் என்றேன். "இடிச்சுக் கட்டணுமா? மாடி ஏத்தக் கம்பி விட்டிருக்குன்னு உங்க டொமினிக் சார் சொன்னாரே!" என்றார்.

நினைவிருக்கிறதா? அவருடைய மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பிகளைக் காட்டி, "இதுபோல உங்க சாஃப்ட்வேர்லயும் உண்டா?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே "விட்டிருக்கோம்மா" என்றாய். நமக்கு மிச்சமிருந்த ஒரே வாடிக்கையாளர் அவர். கடைசியாக இருந்த கிருத்திகாவும் வேலையை விட்டுவிட்டாள். உனக்குத் திருப்திதானே?

சுப்ரமணியன்


மர்பி டவுன்
11 ஜூன் 2025

அன்பு சுப்பு,

வீட்டில் ஐரின் உன்னை விசாரித்தாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

சாஃப்ட்வேரும் ஒரு வீடுதான் என்று அவரிடம் முதலில் சொன்னது யார்? "அந்தம்மாவுக்கு இதுக்கு மேல ஏறாதுடா" என்று என் காதில் வேறு சொன்னாய். வீடு கட்டுகிறவர் கம்பியைப் பற்றித்தானே கேட்பார்? ஆமாம் என்றது என் தப்பு. நீயாவது மறுத்திருக்கலாம். என்னை முறைத்ததோடு சரி.

போன வாரம் ரத்தினம்மாளை நேரில் போய்ப் பார்த்தேன். வீடு, மாடி என்று எந்த உவமையும் சொல்லவில்லை. "எல்லாத்துக்கும் நீங்க ஒருத்தர்தான் ஓனர்னு வெச்சு எழுதிட்டோம்மா. பங்குதாரர் வந்தா கணக்கு தப்பும்" என்றேன். "இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றார். புதிதாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார், என்னை மட்டும். உன்னோடு பேச முடியவில்லையாம். ஒத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்வாய், தெரியும்.

டொமினிக்


அடுகோடி
2 ஜூலை 2025

அன்புள்ள டொமினிக்,

உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னைக் கரையான் என்றிருந்தேன், இன்னொன்றில் சுவர் விரிசல். அந்தப் பழக்கம் போகவில்லை.

உவமை இல்லாமல் எழுதுகிறேன். உன்னை மன்னிக்கவில்லை. ஆபீஸைக் காலி செய்துவிட்டேன். காலையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, போக இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். சண்டை போடக்கூட உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

ஐரின் கேட்டதற்குப் பதில்: இல்லை.

சுப்பு