தரையில் ஊற்றிய மோர்

அடி அண்ணாமலை,
பங்குனி, 1961

தங்கைக்கு,

அம்மா இறந்து காரியமும் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்லக் கூடாது என்பது அவள் உத்தரவு. உன் கூடப்பிறந்த நாங்கள் எட்டுப் பேரும் வாய் திறக்கவில்லை.

நீ விரும்பியவனோடு போன பிறகும், பௌர்ணமிதோறும் மலை சுற்றி வந்து நம் வாசலில் கையேந்தினாய். மலை சுற்றி வந்தவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிய அம்மா, உன் முறை வந்ததும் தரையில் ஊற்றினாள்.

நீ வந்து போகும்வரை அவள் சாப்பிட மாட்டாள் என்பது உனக்குத் தெரியாது. "அவ இன்னும் வரலியாடா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

கடைசியில் என் மகன் தலைமேல் என் கையை வைத்து, "நான் செத்தப்புறம் நீயும் அவ கைல ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணுடா" என்றாள். பண்ணினேன்.

சித்திரைப் பௌர்ணமிக்கு நான்தான் மோர் ஊற்ற வேண்டும். நீ வராதே. வந்தால் உன் கையில் ஊற்றிவிடுவேன்.

உன் பெரியண்ணன்