வலஞ்சுழியும் இடஞ்சுழியும்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ ஆறு வருடம் முன்பு அளந்த அதே இரும்புப் படலத்தை இங்கே எங்கள் நுண்ணோக்கியில் வைத்து அளந்தேன். எலக்ட்ரான் கற்றையை ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் சுழலவிட்டு, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்திலிருந்து படலத்தின் காந்தத் திசையைக் கணக்கிட்டேன். உன் கட்டுரைப்படி அது மேல்நோக்கி இருக்கிறது. எனக்குப் பதினோரு தடவையும் கீழ்நோக்கித்தான் வருகிறது. அடுத்த மாதம் கருத்தரங்கில் இதை நான் பேச வேண்டும்.

கோபிக்காதே. கற்றையைச் சுழலவைக்கும் தகட்டை எந்தப் பக்கம் பார்த்து மாட்டினாய்?

வாலு

மார்ச் 12

அன்பு வாலு,

சரியான பக்கம் பார்த்துத்தான். என் கையால் மாட்டினேன். பதினாறு வருடமாக இந்த இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். நீ உன் தப்பைத் தேடு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தேடினேன். கிடைக்கவில்லை. எங்கள் பேராசிரியர், "அக்கா தங்கச்சி சண்டையை வீட்டோட வச்சுக்கக் கூடாதாம்மா?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னை எதிர்த்து மேடையில் நிற்க மனம் வரவில்லை. பேச்சை விலக்கிக்கொள்ளப் போகிறேன்.

வாலு

மார்ச் 27

என் வாலுக்கு,

விலக்காதே. விலகல் கடிதம் அனுப்பியிருந்தால் திரும்ப வாங்கு.

நேற்று இயந்திரத்தைப் பிரிக்கச் சொன்னேன். "நல்லா ஓடுற வண்டியை எதுக்கு மேடம் பிரிக்கணும்?" என்று டெக்னீஷியன் முனகினார். தகட்டின் ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு வெட்டு உண்டு. அது கதவுப் பக்கம் பார்க்க வேண்டும். சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. தலைகீழாக மாட்டியிருக்கிறேன். நான் வலஞ்சுழி என்று எழுதியதெல்லாம் இடஞ்சுழி.

பார்த்ததும் மூடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"யாரு மேடம் மாட்டினது?" என்றார் டெக்னீஷியன்.

"நான்தான்."

"அப்ப யாரு கண்டுபிடிச்சது?"

"என் தங்கச்சி!"

இந்தப் பதிலைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களிடமும் சொன்னேன். மாடியில் இருப்பவர்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும்.

என் கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். பிழையைக் கண்டவள் நீ என்று பெயர் போட்டிருக்கிறேன். கருத்தரங்குக்கு நானும் வருகிறேன், முதல் வரிசையில் இடம் சொல்லியாகிவிட்டது. அக்காவாயிற்றே என்று குரலை இறக்காதே. 'முந்தைய அளவீடு தவறு' என்னும் வரி வரும்போது என் முகத்தைப் பார்த்தே சொல்.

உன் அக்கா