தாளில் இல்லாத காரணம்

துபாய், 12.5.1978

அன்புள்ள மனைவி விமலகுமாரிக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். உன் முட்டுவலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

போன வெள்ளிக்கிழமை ஆராய்ச்சி செய்கிற ஒருவர் எங்கள் தொழிலாளர் முகாமுக்கு வந்து, ஊரைவிட்டு ஏன் வந்தீர்கள் என்று எல்லாரிடமும் கேட்டார்.

"குடியிருந்த பத்து சென்ட் சட்டப்படி எங்க பேருக்கு கிடைச்ச பிறகும் அப்பா பழைய நிலக்காரரு ஜன்மி வீட்டுக்கு பின்வாசல் வழியாக்கும் போவாரு. அதைக் கண்டுகிட்டு நிக்க முடியல்ல," என்றேன்.

"அப்படின்னா நிலம் போதாததா, வேலையில்லாததா?"

"ரெண்டுமில்ல. நாணக்கேடாக்கும்."

அவருடைய தாளில் அவமானம் என்று ஒரு காரணம் இல்லையாம். நிலம் போதாது என்று குறித்துக்கொண்டு போனார். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஜஸ்டஸ் ஆடி மாதம் இங்கே திரும்புவான். உடுக்க இரண்டு சாரமும் சோப்பும் கொடுத்துவிடு. சோப்பு இங்கேயும் உண்டு, ஆனாலும் உதியன்குளங்கரையில் வாங்கினதே வேண்டும்.

அப்பாவிடம் ஏன் பின்வாசல் வழி போனார் என்று மெதுவாகக் கேட்டு எழுது. நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு அது நாணக்கேடாகவே இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அப்படியானால் நான் எதற்கு வந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜஸ்டஸுக்கு ஏர்போர்ட் போக வண்டி வந்துவிட்டது.

உன்
விஜயதாஸ்