தொரைக்குப் பக்கத்தில் அப்பா

கொழும்பு,
ஆவணி 1995

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

கோகிலா எழுதுறேன். நான் சுகமா இருக்கேன். அட்டை கடிச்ச ஒங்க கால் புண்ணு ஆறிடுச்சா?

நம்ம தோட்டத்து நூறாவது வருச விழா மலர் எங்க அச்சகத்துலதான் அடிக்கிறாங்க. தொரை நடுவுல, நீங்க ஓரத்துல நிக்கிற பழைய போட்டோவும் அதுக்கு வந்துச்சு. இங்க போட்டோ மேல கையால உருட்டி, படத்த கம்ப்யூட்டருக்குள்ள எடுக்குற ஸ்கேனர் புதுசா வாங்கியிருக்காங்க. டிரைவர்ங்கிற புரோகிராம ஏத்தினாத்தான் அப்படி ஒண்ணு இருக்குறதே கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஏத்தினது நான்தான்.

ஸ்கேனர் ஒரு கை அகலந்தான். "தொரை மட்டும் போதும், ஓரத்த விட்டுரு"ன்னாரு முதலாளி. "அது எங்கப்பா, விடமாட்டேன்"னு சொல்லி, ரெண்டு தடவயா உருட்டி ஒட்டினேன். அவசரத்துல தொரை பக்கம் கை வேகமா ஓடி, அவரு நசுங்கி ஒங்க தோளுக்குத்தான் வந்தாரு. முதலாளி கத்தினாரு. தொரை பக்கத்த மட்டும் திரும்ப உருட்டி ஒட்டினேன், ஒங்கள வெட்டல. வேலை போனா போகட்டும்னு நின்னேன். போகல, கவலப்படாதீங்க.

தெஹியோவிட்ட பஸ்ஸுல யாராச்சும் வந்தா அம்மா இடிச்ச மொளகாத்தூள் குடுத்து விடுங்க. இங்க சோறு எறங்க மாட்டேங்குது.

தபால் எடுக்க ஆள் வந்தாச்சு. தொரை நசுங்கிக் கெட்டுப்போன அந்த மொதப் படத்த இதோட வச்சிருக்கேன். நம்ம லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் காட்டுங்க. மொதல்ல ஒங்கள வேல வாங்குற கங்காணிக்குக் காட்டுங்க.

ஒங்க மக,
கோகிலா