ஒண்டிக்கடையிலேயே இறங்கு

அப்பா,

உங்கள் பச்சை ஸ்வெட்டர் என் மடியில் இருக்கிறது. அந்துருண்டை வாசனை இன்னும் போகவில்லை. முழங்கையில் தேய்வில்லை, கழுத்தில் அழுக்கில்லை. மலைக்குளிரில் வாழ்ந்தும், கடைசிவரை நீங்கள் இதை ஒருநாளும் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்று நானும் கேட்டதில்லை.

தம்பிக்கு ராணுவத்தில் வேலை கிடைத்துவிட்டது, அப்பா. நேற்றுக் காலை ஒண்டிக்கடை நிறுத்தத்தில் உங்கள் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டோம்.

செய்தி தெரிந்ததிலிருந்து எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து கம்பளித் துணியாக வந்து குவிந்தது. மப்ளர், குரங்குக் குல்லா, கையுறை. பட்டாளம் என்றால் பனிமலைதான் நம் ஆட்களுக்கு. உங்களையும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டே ஒருமுறை சொன்னீர்கள்: "பொட்டி நெறைய ஸ்வெட்டர் கண்ணு. போய் எறங்குனா அனலு! வெயிலே தாங்காத ஒடம்பு. மைதானத்துல தெனமும் சுருண்டு உழுந்தேன். நொம்ப முக்கிப் பாத்தேன். அப்பறம் முடியலைங்கன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். எனக்கு அடுத்த நாள் பரீட்சை. உம் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நாகலூர் டீக்கடையில் உங்களுக்கு வேறு பெயர். "ஏனுங்க பாதி மிலிட்டரி, டீ ஆறுதுங்க" என்பார்கள். அதற்கும் சிரிப்பீர்கள். நான் உங்கள் கையை விட்டுவிட்டுத் தள்ளி நிற்பேன்.

முந்தாநாள் பெட்டியைத் துடைக்கும்போது அம்மா ஒன்று சொன்னாள். பயிற்சி முடியாமல் திரும்பிய அன்று நீங்கள் ஒண்டிக்கடைக்கு வரவே இல்லையாம். "மால போட்டு அனுப்புன சனம் மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு, அடிவாரத்துல குப்பனூர்லயே எறங்கிட்டாரு. அந்தப் பக்கத்து ரோட்டுல ஒரு லாரியப் புடிச்சு, எஸ்டேட்டுக்குள்ளாற நடந்து வந்து சேந்தாரு. அதுக்கப்பறமும் அந்த வழிதான்."

கல்லூரி விடுமுறைக்கு என்னைக் கூட்டிவரும்போதெல்லாம் ஒண்டிக்கடைக்கு வரும் நேர் பஸ்ஸை விட்டுவிட்டுக் குப்பனூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பீர்களே. "அந்த ரோட்டுல காத்து நல்லாருக்கும் கண்ணு" என்பீர்களே. காற்றுக்காக என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான், அப்பா, நேற்று அது நடந்தது.

ஒண்டிக்கடையில் நல்ல கூட்டம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மாமா தம்பிக்கு மாலை போட்டார். தோளைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "உங்கப்பனாட்டம் மால வாடறதுக்குள்ள திரும்பி வந்துராத சாமி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபம் வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டத்தோடு சேர்ந்து நிற்கும் பழக்கம்தான். அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"டிகிரி படிச்ச புள்ள, நீ நாலு வார்த்தை சொல்லு கண்ணு" என்றார் மாமா. தைரியம், ஒழுக்கம், தாய்நாடு என்று மனதுக்குள் நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "ஒடம்பப் பாத்துக்க" மட்டும்தான்.

"இதுக்கா மூணு வருசம் காலேஜு?" என்று யாரோ சொல்ல, இன்னொரு சிரிப்பு.

தம்பி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் உறுமியது. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டான்: "அக்கா, எனக்கும் முடியலன்னா?"

மெதுவாகத்தான் பதில் சொல்ல நினைத்தேன். பஸ் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது. "முடியும் சாமி. தாகம் எடுக்கறதுக்கு முன்னாலயே தண்ணி குடி. வெயில் பழகற வரைக்கும் பொறுத்துக்க. உழுந்தா எந்திரி, வெக்கப்படாத. அப்படியும் முடியலன்னா இங்கயே எறங்கு, இதே ஒண்டிக்கடையில. நான் வந்து நிக்கறேன். குப்பனூர் வழியா மட்டும் வராத!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா கையில் மிச்சமிருந்த பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். தம்பி கைப்பையைத் திறந்து, அம்மா திணித்து வைத்திருந்த உங்கள் ஸ்வெட்டரை ஜன்னல் வழியே நீட்டினான். "நீயே வெச்சுக்கக்கா. அங்க அனலு. அப்பா எங்கிட்டயும் சொல்லியிருக்காரு." அப்போதுதான் சிரித்தான்.

எல்லோரும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள், அப்பா. கேட்கக் கூசுகிறது. அது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. எத்தனை தடவை உங்களோடு அந்தக் குப்பனூர் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். "இன்னைக்கு ஒண்டிக்கடையில எறங்கலாம்ப்பா, நான் கூட இருக்கேன்" என்று ஒருநாள் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தயங்கியிருப்பீர்கள். ஆனால் இறங்கியிருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

பால் வாங்க ஒண்டிக்கடைக்குப் போக வேண்டும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். தோள் இறங்கித் தொங்குகிறது, கை விரல்வரை மூடுகிறது. யாருடையது என்று நிச்சயம் கேட்பார்கள். "எங்கப்பாதுங்க. மிலிட்டரியில இருந்து திரும்பி வந்தப்ப கொண்டாந்தது." வீட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். 'திரும்பி வந்தப்ப' என்னும் இடத்தில் இன்னும் குரல் இறங்குகிறது.

போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், அப்பா.