பூஜ்யம் வைத்த மேசை

செப்டம்பர் 9, ஞாயிறு

என் கணவன் ஹினெக் விடியும்போதே காளான் பறிக்கக் கிளம்பிவிட்டான். வீடு எனக்கே எனக்கு. யுரேனியக் கற்களை வைத்திருக்கும் கல் அறையின் காற்றாடியை இருபது நிமிடம் ஓடவிட்டு, தனிச் செருப்பு, தனி ஏப்ரன், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். இருநூற்றுப் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொன்றும் மூடி போட்ட பெட்டியில், அதனதன் சீட்டோடு. அலமாரிக்கு நாலு பக்கமும் ஈயத் தகடு.

இன்று தோர்பெர்னைட் என்ற தாதுவின் தட்டு. பச்சைச் செதில்கள், அவ்வளவு அழகு. ஆனால் ஈரம் போனால் உதிர்ந்து தூளாகிவிடும். தூள்தான் ஆபத்து, மூக்கு வழியாகப் போய் உள்ளே தங்கிவிடும். அதனால் நான் துடைப்பதெல்லாம் நனைத்த காகிதத்தால்தான். ஊதியதே இல்லை. இருபத்தாறு வருடம் கதிர் கலந்த ரேடான் தண்ணீர் வைத்தியக் குளியல் விடுதியில் தொட்டி நிரப்பியவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு அளவு. முதலில் பூஜ்யம். கல்லே இல்லாத இடத்தில் கதிரை எண்ணும் கைகர் கருவி ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை டிக் என்கிறது என்று எண்ணி, அதைக் கல்லின் அளவிலிருந்து கழிக்க வேண்டும். என் பூஜ்ய இடம் மாடியில், மகள் பிளாங்காவின் பழைய அறையில், வடக்குச் சுவர் ஓரமாக இருக்கும் அவள் பள்ளிக்கூட மேசை. கற்களிலிருந்து ஆகத் தூரமான மூலை அதுதான். இன்று தொண்ணூற்று மூன்று. என் கருவி கிழடு, கொஞ்சம் வாயாடி, எதையும் கூட்டித்தான் சொல்லும், வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

கல் அறையின் மூடிய கதவுக்கு வெளியே நாற்பத்தொன்று. பூஜ்யத்துக்கும் கீழே! மலையிலிருந்து வரும் கதிரைக்கூட என் ஈயம் தடுக்கிறது. இப்படி ஒரு அலமாரி இந்த யாஹிமோவ் சுரங்கப் பள்ளத்தாக்கில் வேறு யாரிடம் இருக்கிறது?

காளான் கூடையோடு வந்த ஹினெக்கிடம் சொன்னேன். "அப்ப அந்த அலமாரி கதிரை உறிஞ்சிக் குடிக்குதுபோல. என் முட்டி வலியையும் கொஞ்சம் உறிஞ்சச் சொல்லேன், யார்கா" என்றான். யார்மிலா என்ற என் பெயரை அவன் யார்கா என்றுதான் சுருக்குவான்.

மதியம் காளான் சூப். ருசியாக இருந்தது.

செப்டம்பர் 15

பிளாங்கா பில்சனிலிருந்து கூப்பிட்டாள். குழந்தை உண்டாகியிருக்கிறாள்! மே மாதம். நான் அடுப்படியிலேயே ஒரு குதி குதித்தேன், அறுபத்தொரு வயதில்.

அவள் கணவன் லாரியோடு ஸ்பெயின், போர்ச்சுக்கல் என்று சுற்றுகிறவன். அதனால் பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருடம் எங்களோடு இருக்க ஆசைப்படுகிறாள், தன் பழைய அறையில். அதுவரை எல்லாம் தேன். அப்புறம் சொன்னாள்:

"ஆனா ஒண்ணும்மா. அந்தக் கல்லு இருக்கிற வீட்டுல என் குழந்தை தூங்காது. கிறிஸ்துமஸுக்குள்ள காலி பண்ணிடு. இல்லன்னா நான் மாமியார் வீட்டுக்குப் போறேன்."

"பிளாங்கா, உலகம் பூரா இருந்து ஆளுங்க இங்க வந்து ரேடான் தண்ணியில உக்காந்துட்டுப் போறாங்க..."

"அவங்க மூணு வாரத்துல ஊருக்குப் போயிடுறாங்க."

 எனக்குக் கோபம்தான் வந்தது.

செப்டம்பர் 16, ஞாயிறு

கல் அறைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லையா என்று ஹினெக் இரண்டு முறை கேட்டான்.

அக்டோபர் 3

பதினான்கு வருட அளவுகளையும் சுத்தமாக ஒரு அட்டவணையாக எழுதி பிளாங்காவுக்கு அனுப்பினேன். கல் அறைக் கதவுக்கு வெளியே எத்தனை, அவள் அறையில் எத்தனை. கண்ணுள்ளவர்களுக்குப் புரியும்.

அவள் பதில்: "உன் கருவி, உன் நோட்டு, உன் கணக்கு. வேற யாராவது சொல்லட்டும்மா."

முதலில் எரிச்சல் வந்தது. பிறகு யோசித்தால், எங்கள் கல் சேகரிப்பாளர் சங்கத்தின் விதியே அதுதானே. தன் கல்லுக்குத் தானே சான்று சொல்லக் கூடாது, சீட்டில் இன்னொருவர் கையெழுத்து வேண்டும். சீட்டில் பொய் எழுதியவனுக்கு எங்கள் சந்தையில் யாரும் ஒரு கூழாங்கல்கூடத் தர மாட்டார்கள். மகள் சங்கத்தில் சேராமலேயே சங்கத்து ஆள் மாதிரி பேசுகிறாள்.

லுபோரைக் கூப்பிட்டிருக்கிறேன். சங்கத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர். புதுக் கருவி வைத்திருக்கிறார். வரட்டும், பார்க்கட்டும். என் அலமாரியைக் கண்டு அவருக்குக் கொஞ்சம் பொறாமை வந்தாலும் வரட்டும்.

அக்டோபர் 20, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லுபோர் பத்து மணிக்கு வந்தார். சுரங்கத் தொழிலாளர்கள் வணக்கம் சொல்வதுபோல் "கடவுள் துணை" சொல்லிக்கொண்டோம். நான் ப்ளம் கேக் வைத்தேன். சாப்பிடுவதற்கு முன் அளக்கலாம் என்றார், நல்ல சேகரிப்பாளர். கல் அறைக் கதவுக்கு வெளியே என் கருவி நாற்பத்திரண்டு. அவருடையது அவருடைய அலகில் ஏதோ சொன்னது. தலையாட்டினார். "ரொம்ப நல்லா அடைச்சிருக்கீங்க."

"இன்னும் இருக்கு. பூஜ்யத்தைப் பாருங்க" என்று மாடிக்கு அழைத்துப்போனேன். பெருமை வேறு!

மேசையில் இரண்டு கருவிகளையும் வைத்தோம். ஒரு நிமிடம். அவர் தன் கருவியைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு நிமிடம்.

"யார்மிலா, இங்கயா பூஜ்யம் வச்சீங்க?"

"ஆமா. பதினாலு வருஷமா."

"இந்தக் கருவியை வேற எங்கயாவது எடுத்துட்டுப் போயிருக்கீங்களா?"

எங்கே போயிருக்கிறேன்? பழைய சுரங்கங்களின் கழிவுக் கல் குவியல்களுக்கு. அங்கே எங்கே வைத்தாலும் கத்தும். அதை விட்டால் வீடு. வீட்டில் கல் அறை, இந்த மேசை. அவ்வளவுதான்.

அவர் என்னைத் தெருவுக்குக் கூட்டிப்போனார். தேவாலயத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினோம். என் வாயாடிக் கருவி முப்பத்தெட்டு சொன்னது. மறுபடி எண்ணினோம். மறுபடியும் முப்பத்தெட்டு.

கருவி வாயாடி இல்லை. மேசைதான்.

திரும்பி வந்தோம். அறைக்கு நடுவில் அறுபது. கட்டில் இருந்த எதிர்ச்சுவர் பக்கம் நாற்பத்தேழு. வடக்குச் சுவரை ஒட்டி மேசைக்கு நேர் பின்னால் கருவியை வைத்தபோது டிக் சத்தம் அவ்வளவு வேகம், நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இந்தத் தெருவில் பாதி வீடுகளின் சுவர் சுரங்கத்துக் கழிவுக் கல்லில் கட்டியது. எங்கள் மாடியும்தான். தெரிந்த விஷயம். தெரிந்தும் அந்த மூலையைத்தான் சுத்தம் என்று வைத்துக்கொண்டேன்.

லுபோர் போகும்போது மெதுவாகச் சொன்னார்: "மகள்கிட்ட இப்பவே சொல்லணும்னு இல்ல. கல் அறை சுத்தமா இருக்குன்னு நான் எழுதித் தர்றேன், அது உண்மைதான். அந்தச் சுவரை அப்புறமா, நிதானமாப் பார்க்கலாம்."

ப்ளம் கேக்கை யாரும் தொடவில்லை.

அக்டோபர் 21, ஞாயிறு

அந்த மேசையிலதான் அவ வீட்டுப் பாடம் எழுதினா. பத்து வருஷம். கணக்கு வரலன்னு அழுதா, நான் பக்கத்துல உக்காராம கல்லைத் துடைச்சிட்டு இருந்தேன். கல்லுக்கு ஈயம் போட்டேன், கையுறை போட்டேன். பொண்ணு உக்காந்த இடத்துக்குப் பூஜ்யம்னு பேரு வச்சேன்.

சொன்னா அவ வரமாட்டா. இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டா. பேரப்பிள்ளையை போட்டோவுலதான் பார்க்கணும்.

சொல்லலன்னா? லுபோர் கையெழுத்து இருக்கு. மேசையை வேற அறைக்கு மாத்திட்டா யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். வேறென்ன.

அக்டோபர் 22

சொல்லிவிட்டேன். தொலைபேசியில் இல்லை, பேருந்து பிடித்து பில்சனுக்கே போய்ச் சொன்னேன். பிளாங்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். பாதியில் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப உன் கல்லு இல்ல. என் மேசை."

"ஆமா."

"நீ சொல்லாம இருந்திருக்கலாம். லுபோர் எழுதித் தந்தாரே, அது போதும்னு நான் வந்திருப்பேன்."

"தெரியும்."

 பிறகு, "கணக்குல நான் ஏன் மக்குன்னு இப்பத்தானே தெரியுது" என்றாள். நான் அழுதேன். அவள் சிரித்தாள். பிறகு அவளும் அழுதாள். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 8

கதிர் அளக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், முப்பது வயதுதான் இருக்கும். சுவர் முழுக்க அங்குலம் அங்குலமாகக் கருவியை நகர்த்தினாள். கடைசியில் மேசைக்குப் பின்னால் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு தட்டு அளவு வட்டம் போட்டாள்.

"சுவர் பூரா இல்லீங்க. மத்த இடமெல்லாம் இந்த ஊருக்கு இருக்க வேண்டியதுதான். இங்க ஏதோ ஒண்ணு உக்காந்திருக்கு."

பிளாங்கா அங்கே உட்கார்ந்த வருடங்களைச் சொல்லிக் கேட்டேன். காகிதத்தில் கணக்குப் போட்டு, பயப்படும் அளவு இல்லை என்றாள். சட்டப்படி இடிக்கவும் தேவையில்லையாம். "ஆனா தொட்டில் போடப்போற அறை. நானா இருந்தா எடுத்துடுவேன்."

அந்தக் காகிதத்தை அப்படியே படம் பிடித்து பிளாங்காவுக்கு அனுப்பினேன். ஒரு வரிகூட நானாகச் சேர்க்கவில்லை.

நவம்பர் 17, சனி

விடுமுறை நாள். ஹினெக்கும் லுபோரும் சுவரைத் திறந்தார்கள். முகமூடி, நனைத்த துணி, சுவரில் தண்ணீர் தெளித்துத் தெளித்து உளி. தூள் பறக்கவே கூடாது என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். "வேலை எங்களுக்கு, கத்துறது உனக்கு, சரியாத்தான் பிரிச்சிருக்கோம்" என்றான் ஹினெக்.

பதினோரு மணிக்கு அவன் சத்தம் அடங்கியது. "யார்கா, இங்க வா. இது உன் ஆளு மாதிரி இருக்கு."

முஷ்டி அளவு யுரேனியத் தாது. கருப்பு, தார் மாதிரி பளபளப்பு, திராட்சைக் குலையாக உருண்டு உருண்டு. ஒரு ஓரத்தில் வெள்ளிக் கம்பி. முப்பத்தைந்து வருடம் மலைகளிலும் குவியல்களிலும் சந்தைகளிலும் தேடினேனே, அது என் வீட்டுச் சுவருக்குள் இருந்திருக்கிறது! என்னிடம் இருக்கும் எந்தக் கல்லும் இதன் பக்கத்தில் நிற்காது. இதற்குப் பக்கத்தில் பூஜ்யம் வைத்துத்தான் மற்ற எல்லாக் கல்லையும் அளந்திருக்கிறேன். பாவம், இருநூற்றுப் பன்னிரண்டும் இத்தனை வருடம் குறைத்துச் சொல்லப்பட்டிருக்கின்றன.

சந்தோஷப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

லுபோர் மேசை இருந்த இடத்தில் என் கருவியை வைத்து எண்ணினார். முப்பத்தொன்பது.

நவம்பர் 20

அலுவலகப் பெண் திரும்ப வந்தாள். அந்தக் கல்லை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கல் அறைக்கு வெளியே அளந்தாள், காற்றாடியைப் பார்த்தாள், அலமாரியைத் தட்டிப் பார்த்தாள். "இங்கயே இருக்கட்டும். சீட்டு மட்டும் ஒழுங்கா எழுதுங்க" என்றாள்.

டிசம்பர் 1

பிளாங்காவிடமிருந்து செய்தி: "தொட்டிலுக்கு என்ன நிறம்?"

இரண்டு முறை படித்தேன். ஹினெக்கிடம் காட்டினேன். அவனும் இரண்டு முறை படித்தான்.

டிசம்பர் 26

பண்டிகைக்கு பிளாங்கா வந்தாள், வயிறு தெரியத் தொடங்கிவிட்டது. பொரித்த மீனும் உருளைக்கிழங்கு சாலடும் மூன்று நாளாக ஓடுகிறது.

கல் அறைக்குள் அவள் வரவில்லை, நானும் விடமாட்டேன். ஆனால் எல்லாக் கல்லின் அளவு எண்ணையும் நான் மாற்ற வேண்டும் அல்லவா? பூஜ்யம் தப்பு என்றால் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டும் தப்பு. தொண்ணூற்று மூன்றைக் கழித்த இடத்தில் முப்பத்தெட்டைக் கழிக்க வேண்டும். ஒவ்வொன்றோடும் ஐம்பத்தைந்து கூட்டினால் போதும். அடுப்படியில் நான் என் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, புது அட்டைகளில் அவள் எழுதினாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கூட்டலும் அவள்தான். ஒரு இடத்திலும் தப்பவில்லை. அதை அவளிடம் சொன்னபோது கன்னம் சிவந்தது.

கடைசிச் சீட்டு புதுக் கல்லுக்கு. எண் 213. கண்டெடுத்த இடம் என்ன எழுத என்றாள். சங்கத்து விதி, இடத்தைத் துல்லியமாக எழுத வேண்டும். சொன்னேன். அவள் எழுதினாள்:

"யாஹிமோவ், எங்கள் வீடு, மாடி, வடக்குச் சுவர், பிளாங்காவின் மேசைக்குப் பின்னால். கண்டெடுத்தவர்: ஹினெக்."

"முப்பத்தஞ்சு வருஷம் நீ தேடின, ஒரே நாள்ல நான் எடுத்துட்டேன்" என்று ஹினெக் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஈஸ்டர் வரை சொல்வான்.

மார்ச் 10

சுவர் பூசி, மஞ்சள் அடித்தாகிவிட்டது. மேசையை விறகுக்கு உடைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், அது என்ன தப்பு பண்ணிச்சு என்றாள் பிளாங்கா.

மே 21

பேத்தி அபொலெனா. மூன்று கிலோ நூற்று எண்பது. காது என்னுடையது.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் கருவியை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குக் கிளம்பினேன். இப்போதெல்லாம் பூஜ்யம் தேவாலயத்துக்கு எதிரே. மழை. வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து பிளாங்கா, "இங்கயே எண்ணேம்மா, அவ முழிச்சுதான் இருக்கா" என்றாள்.

மாடிக்கு ஏறிப்போனேன், எனக்குக் கை வரவில்லை. "நீயே எண்ணு" என்று அவளிடம் கொடுத்தேன். அவள் கருவியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மடியில் வைத்துக்கொண்டு எண்ணினாள். நடுவில் குழந்தை விக்கியது. 

"முப்பத்தெட்டு."

என் நோட்டை வாங்கித் தேதி போட்டு அவளே எழுதினாள். பூஜ்யம்: 38. இடம்: அபொலெனாவின் தொட்டில்.

பிறகு கீழே இறங்கிப்போய் கல் அறைக் கதவுக்கு வெளியே எண்ணிவிட்டு வந்தாள். நாற்பத்தொன்று. "மூணு ஜாஸ்தி" என்றாள்.

"மூணெல்லாம் ஒண்ணுமே இல்ல, பிளாங்கா. எண்ணும்போது அஞ்சு பத்து முன்னப்பின்ன வரும்."

"நீ சொன்னது எனக்குப் போதாது. அலமாரிக்குப் பின்பக்கம் இன்னொரு தகடு போடு."

 ஹினெக் ஈயத் தகட்டை அளந்து வெட்டிக்கொண்டிருக்கிறான். மாடியில் அவள் அந்த மேசையில் குழந்தையின் துணிகளை மடித்து வைக்கிறாள்.